ஆவி போட்டிருந்த கோட்டு

நாடகக்காரர்கள் வெல்ஃபோர்டுக்கு வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் கிரேன் அவர்களைப் பற்றியே இரண்டு மணி நேரம் பிரசங்கம் செய்தார். நாடகமேடை சாத்தானின் வாய், கொள்ளைநோய் ஊருக்குள் வருவதே கூத்தாடிகளின் வண்டியில் ஏறித்தான், பேய் வேஷம் போடுகிறவன் பேய்க்குக் குடியிருக்க வீடு கொடுக்கிறான் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் சொன்னார். அதற்கு ஆமென் சொன்னவர்களில் பாதிப்பேர் மறுநாள் மதியம் வெள்ளை மான் சத்திரத்தின் முற்றத்தில் ஆளுக்கொரு பென்னியைப் போட்டுவிட்டு இடம்பிடித்து நின்றார்கள்.

அவிஸ் தர்லோவும் போனாள். அவள் கணவன் ஹம்ஃப்ரி செத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் குற்ற மனசு குறுகுறுக்கிறது என்பார்கள், வெளியே போனால் புருஷன் போன துக்கமே இல்லை என்பார்கள். இரண்டில் எதைச் சொன்னாலும் அவளுக்கு ஒன்றுதான். கறுப்புத் துணியைத் தலையில் போட்டுக்கொண்டு படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அடுத்த வீட்டு மார்ஜரி அவளைப் பார்த்ததும் தன் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

ஹம்ஃப்ரி தோல் பதனிடுகிறவன். மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், உள்ளே நரித்தோல் வைத்துத் தைத்த பழுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனவன், புதன்கிழமை காலையில் தோல் ஊறும் குழியில் மிதந்தான். சட்டையோடு கிடந்தான். கோட்டைக் காணோம். பிண விசாரணைக்கு வந்த அதிகாரி அவிஸை அழைத்துப் பிணத்தின் நெற்றியில் கை வைக்கச் சொன்னார். கொன்றவன் தொட்டால் காயத்திலிருந்து புது ரத்தம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அவள் தொட்டாள். ரத்தம் வரவில்லை. கால் வழுக்கி விழுந்தான், கோட்டை எவனோ வழிப்போக்கன் தூக்கிக்கொண்டு போய்விட்டான் என்று எழுதி முடித்தார்கள். ஹம்ஃப்ரியின் தம்பி கத்பர்ட் அந்த வாரம் முழுக்கத் தோல் வாங்க நாரிச் நகரத்துக்குப் போயிருந்தான். வெள்ளிக்கிழமை அடக்கம் முடிந்த பிறகுதான் குதிரையை விட்டு இறங்கினான். இறங்கியவன் அழுதான், அழுது முடித்ததும் உயில் எங்கே என்று கேட்டான். பட்டறை அவிஸ் உயிரோடு இருக்கும்வரை அவளுக்கு, அவளுக்குப் பிறகு கத்பர்டுக்கு என்று அதில் இருந்தது. அன்றிலிருந்து அவிஸ்தான் கொன்றாள் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று அவிஸுக்குத் தெரியும்.

நாடகம் கடலோரப் பிரபு ஒருவனைப் பற்றியது. அவன் மனைவியே அவனைத் தலையணையால் அமுக்கிக் கொன்றுவிட்டு வேறொருத்தனைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயாராகிறாள். கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. கல்யாண மேளம் கேட்கும்போது மேடையின் பின்திரை விலகி, முகத்தில் மாவு பூசிய ஆவி மெல்ல நடந்து வந்தது. பெண்கள் சிலுவை போடக் கையைத் தூக்கி, அது இப்போது தடையான பாப்பரசரின் பழைய மதத்துப் பழக்கம் என்று நினைவு வந்ததும் கையைக் கீழே போட்டார்கள்.

அவிஸ் ஆவியின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கோட்டைத்தான் பார்த்தாள். பழுப்பு நிறம். இடது முழங்கையில் பச்சை நூலால் போட்ட தையல். பழுப்பு நூல் தீர்ந்துபோய், இருந்த நூலில் அவளே போட்டது.

“ஹம்ஃப்ரி” என்று கத்தினாள். தன் வாயிலிருந்துதான் வந்தது என்று அவளுக்கே அடுத்த கணம்தான் தெரிந்தது.

மேடையில் ஆவி நின்றுவிட்டது. முற்றம் அப்படியே திரும்பி அவளைப் பார்த்தது. முதலில் பேசியது கத்பர்ட்தான். மாடத்தில், நல்ல இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

“கேட்டீங்களா எல்லாரும்? நான் ஒண்ணும் சொல்லல. அவ வாயாலயே வந்துச்சு. புருஷன கொன்னவ கதைய மேடையில போட்டதும் இவளுக்கு அடிவயிறு கலங்கிடுச்சு.”

“கோட்டப் பாரு கத்பர்ட்டு” என்றாள் அவிஸ். “மேடையில என்ன கோட்டுன்னு பாரு.”

அவன் பார்த்தான். ஒரு நொடிதான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டு, “காவலர கூப்பிடுங்க” என்று கத்தினான். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதுவும் யார் காதிலும் விழவில்லை. கொலைகாரர்கள் நாடகம் பார்க்கும்போது தங்களை மறந்து கத்தித் தாங்களாகவே மாட்டிக்கொண்ட கதைகளை ஊரே கேட்டிருந்தது. இப்போது கண்ணெதிரே ஒன்று நடந்திருக்கிறது. அதைக் கைவிட யாருக்கும் மனசில்லை. மார்ஜரி முதல் ஆளாக அவள் தலைத்துணியைப் பிடித்து இழுத்தாள். யாரோ முதுகில் எச்சில் துப்பினார்கள்.

சந்தைக்குப் பக்கத்தில் சுங்கம் வசூலிக்கும் அறையில் அவளைப் போட்டுப் பூட்டினார்கள். தெருவைப் பார்த்த கம்பி ஜன்னல் ஒன்று இருந்தது. பொழுது சாய்வதற்குள் போதகர் கிரேன் அந்த ஜன்னலுக்கு வந்துவிட்டார்.

“அவிஸ், மனந்திரும்பும்மா. நாளைக்கு நீதிபதி வர்றார். புருஷன கொல்றது சாதாரணக் கொலை இல்ல. வீட்டுக்கு அவன்தான் ராஜா. அது ராஜதுரோகம். தூக்கு கிடையாது, தீதான். உடம்பு போறது போகட்டும், ஆத்மாவையாவது காப்பாத்திக்கோ.”

“நேத்து நாடகம் சாத்தானோட வாயின்னு சொன்னீங்களே போதகரய்யா. சாத்தான் சொல்லியா என்னைய எரிக்கப் போறீங்க?”

“கழுதை வாயால கூட கர்த்தர் பேசியிருக்கார்.”

“அப்ப இன்னொண்ணும் சொல்லுங்க. செத்தவங்க பாவம் தீர நடுவுல காத்திருக்கிற உத்தரிக்கிற ஸ்தலம்னு ஒண்ணு கிடையாது, செத்தவன் நேரா மேல போவான், இல்லாட்டி கீழ போவான், திரும்பி வரமாட்டான்னு நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. அப்புறம் நான் யார் ஆவியக் கண்டு பயந்தேன்? நான் பாத்தது கோட்டு. என் கையால தச்ச கோட்டு. அத போய்ப் பாக்க உங்கள்ல ஒருத்தருக்குக்கூட கால் வரலையே.”

போதகருக்கு முகம் சிவந்தது. “சாகப் போறவளுக்கு இவ்வளவு நாக்கு ஆகாது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சத்திரத்து வாசலில் நாடகக்காரர்கள் வண்டியில் மூட்டையை ஏற்றுவது ஜன்னலிலிருந்து தெரிந்தது. ஊரில் இப்படி ஒன்று நடந்த பிறகு அங்கே நிற்பது அவர்களுக்கு நல்லதில்லை. காவலன் நினைத்தால் நாடோடிகள் என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிச் சாட்டையால் அடிக்கலாம். ஆவி வேஷம் போட்டவன் ஆம்ப்ரோஸ் பெல் என்பவன், நாற்பது வயதுக்காரன், காதோரம் இன்னும் மாவு ஒட்டியிருந்தது. குதிரைக்குத் தண்ணீர் எடுக்க அந்தப் பக்கம் வந்தான்.

“யோவ் ஆவி” என்று அவிஸ் கூப்பிட்டாள். “அந்தக் கோட்டு எங்க வாங்கின?”

அவன் வாளியோடு நின்றான். “எனக்கு உங்க ஊர் விவகாரம் வேணாம்மா.”

“எங்க வாங்கினன்னு கேட்டேன்.”

“நாரிச்ல. பழந்துணி விக்கிற கிழவிகிட்ட. மரியாளுக்குத் தேவதூதன் செய்தி சொன்ன திருநாள் அன்னிக்கு. முந்தின நாள் சாயங்காலம்தான் ஒருத்தன் வித்துட்டுப் போனான்னு சொன்னா. தோல் பதனிடற ஓக் பட்டை நாத்தம் இன்னும் போகலன்னு விலையக் குறைச்சுக் கேட்டேன். போதுமா?”

அவிஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். திருநாள் வியாழக்கிழமை வந்தது. முந்தின நாள் புதன். செவ்வாய்க்கிழமை காலையில் ஹம்ஃப்ரி முதுகில் இருந்த கோட்டு, புதன்கிழமை சாயங்காலம் நாரிச்சில். அந்த வாரம் நாரிச்சில் இருந்ததாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“இத நாளைக்கு நீதிபதிகிட்ட வந்து சொல்லு.”

“நானா? கூத்தாடி சொன்னா எந்த நீதிபதி கேப்பார்? எங்க எல்லாருக்கும் முதுகு உரியும். நாங்க இப்பவே கிளம்புறோம்.”

“கிளம்பு. நல்லா கிளம்பு. காலையில நீதிபதி என்ன கேப்பார்னு நினைக்கிற? உன் புருஷன யார் கொன்னான்னு கேப்பார். கோட்டு எவன் முதுகுல இருந்துச்சோ அவன்தான் கொன்னான்னு நான் சொல்லுவேன். ஊர் ஊரா திரியற நாடோடி, செத்தவன் கோட்டோட மேடையிலயே நின்னான், ஊரே பாத்துச்சு, விடியறதுக்குள்ள ஓடிட்டான்னு சொல்லுவேன். எத்தன மைல் போவ உன் கிழட்டுக் குதிரையில?”

ஆம்ப்ரோஸ் வாளியைக் கீழே வைத்தான். “உங்களப் பாத்துப் பாவம்னு நினைச்சேன்” என்றான்.

“நான் பாவமா நின்னா கட்டையில வேக வேண்டியதுதான். கோட்டோட வா.”

அவன் வெறுப்போடு அவளைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் எடுக்காமலே திரும்பிப் போனான். ஆனால் வண்டி கிளம்பவில்லை.

காலையில் சத்திரத்தின் பெரிய கூடத்தில் விசாரணை நடந்தது. நீதிபதி கிராமப்புறத்துப் பிரபு. கீல்வாதம் பிடித்த காலை நாற்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு, இதைச் சீக்கிரம் முடிக்க வேண்டும் என்ற எரிச்சலோடு உட்கார்ந்திருந்தார். கூடம் நிரம்பி வழிந்தது. கத்பர்ட், அண்ணன் செத்த வாரம் தான் நாரிச்சில் இருந்ததாகச் சத்தியம் செய்துவிட்டு, கறுப்பு உடையில் முன்வரிசையில் நின்றான். அவிஸ் கத்தியதை ஏழு பேர் ஒருவர் பின் ஒருவராகச் சொன்னார்கள். மார்ஜரி, அந்தச் சத்தம் மனுஷ சத்தம் மாதிரியே இல்லை என்று சேர்த்துச் சொன்னாள்.

பிறகு ஆம்ப்ரோஸ் கோட்டை மேஜைமேல் போட்டுவிட்டு, வாங்கிய விஷயத்தைத் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“பொய் சொல்றதுதான் இவன் தொழில்” என்றான் கத்பர்ட். “நேத்து செத்தேன்னான், இன்னிக்கு உயிரோட நிக்கிறான். இவன் பேச்ச வச்சா ஒரு தோல் வியாபாரிய சந்தேகப்படுவீங்க? இது அண்ணன் கோட்டே இல்லைங்க. அண்ணன் கோட்டு எனக்குத் தெரியாதா? பழுப்புக் கோட்டு நாட்டுல நூறு இருக்கு.”

“பச்சை நூல் தையல்?” என்று நீதிபதி கேட்டார்.

“பச்சை நூல் இவ வீட்டுல மட்டுமா இருக்கு?”

கூட்டம் சிரித்தது. நீதிபதி காலை மாற்றி வைத்தார். “வேற அடையாளம் ஏதாவது இருக்காம்மா? இல்லாட்டி நான் கோடைக்காலப் பெரிய கோர்ட்டுக்கு உன்ன அனுப்பிட வேண்டியதுதான்.”

இருந்தது. நேற்று ஜன்னல் கம்பியைப் பிடித்த நேரத்திலிருந்து அவிஸ் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஹம்ஃப்ரிக்கும் அவளுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. தெரிந்தால் வீடு, பட்டறை எல்லாம் போகும், சிறையும் உண்டு. அதற்காக எத்தனை குடும்பம் அழிந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். போதகர் கிரேன் ஜன்னலோரம் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். இந்த மனுஷனுக்கு முன்னால் சொல்வதைவிட எரிந்தே போகலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் கத்பர்டின் முகத்தைப் பார்த்தாள்.

“காலரப் பிரிங்கய்யா” என்றாள். “இடதுபக்கம், நரித்தோலுக்கும் துணிக்கும் நடுவுல. மெழுகு வில்ல ஒண்ணு இருக்கும். பாப்பரசர் மந்திரிச்சது, சட்டப்படி வச்சிருக்கக்கூடாத பொருள். ஆட்டுக்குட்டி உருவம் போட்டிருக்கும். எங்க மாமியார் சாகுறப்போ மூத்த மகனுக்குக் குடுத்தாங்க. கழுத்துல போட்டா யாராவது பாத்துடுவாங்கன்னு அவர் பயந்தார். நான்தான் காலருக்குள்ள வச்சுத் தச்சேன்.”

போதகர் கையை உதறினார். “பாப்புமார்க்கத்து விக்கிரகம். இந்த ஊர்ல, என் சபையில.”

நீதிபதி தன் பேனாக்கத்தியால் காலரைக் கீறினார். நரித்தோல் விலகியது. பழுப்பேறிய வட்ட மெழுகு ஒன்று மேஜையில் விழுந்து உருண்டு நின்றது. அரைகுறையாகத் தேய்ந்துபோன ஆட்டுக்குட்டி அதில் தெரிந்தது.

அவிஸ் அதைப் பார்க்கவில்லை. கத்பர்டைத்தான் பார்த்தாள். அவன் முகம் வெளிறிப் போயிருந்தது. அம்மாவின் வில்லை அது. சின்ன வயதிலிருந்து அவனுக்கு வேண்டும் என்று ஏங்கி, அண்ணனுக்குப் போன பொருள். அதை வைத்திருக்கிறவனை இடியும் தண்ணீரும் தொடாது, திடீர்ச் சாவு வராது என்று அம்மா சொல்லி வளர்த்திருந்தாள். போதகர் எத்தனை வருஷம் பிரசங்கம் செய்தாலும் அந்தப் பேச்சு அவன் நெஞ்சிலிருந்து போகவில்லை.

“கழுத்துல இல்லையே” என்று முணுமுணுத்தான். “நான் கழுத்துல தேடிப் பாத்தேனே. கழுத்துல இல்லையே.”

நீதிபதி மெல்ல நிமிர்ந்தார். “எப்பத் தேடின?”

கத்பர்ட் அப்போதுதான் வில்லையிலிருந்து கண்ணை எடுத்தான்.

“உன் அண்ணன் செத்த அன்னிக்கு நீ நாரிச்ல இருந்த. அடக்கம் முடிஞ்ச பிறகு வந்தேன்னு இப்பதான் சத்தியம் பண்ணின. அவன் கழுத்துல எப்பத் தேடின?”

“முன்னாடி. உயிரோட இருக்கறப்போ.”

“உயிரோட இருக்கிறவன் கழுத்துல தேடறதுக்கு அவன் சும்மா விட்டானா?” என்றாள் அவிஸ். “இது அண்ணன் கோட்டே இல்லைன்னியே கொழுந்தனாரே. அப்ப உள்ள இருந்தது யார் அம்மாவோடது?”

கத்பர்ட் கதவை நோக்கி நகர்ந்தான். யாரும் வழிவிடவில்லை. நேற்று அவளைப் பிடித்து இழுத்த அதே கைகள் இன்று அவனைப் பிடித்துக்கொண்டன. அவற்றுக்கு யாரைப் பிடித்தாலும் ஒன்றுதான் என்று அவிஸ் நினைத்தாள்.

மூன்றாம் நாள் நாரிச்சிலிருந்து பழந்துணிக் கிழவியை வண்டியில் கொண்டுவந்தார்கள். அவள் கத்பர்டைப் பார்த்த மாத்திரத்தில், “இவன்தான். நரித்தோலுக்குத் தனியா விலை கேட்டுச் சண்ட போட்டான்” என்றாள். அவ்வளவு அவசரமாகக் குதிரையில் வந்து, அண்ணனைக் கட்டையால் அடித்துக் குழியில் தள்ளிவிட்டு, யார் கண்ணிலும் படாமல் நாரிச் திரும்பியவனுக்கு ஒரு நல்ல கோட்டை எரிக்க மனசு வரவில்லை.

கத்பர்டை ஜூலை மாதம் தூக்கில் போட்டார்கள். ஏணியில் நின்றபடி அழகாக மன்னிப்புக் கேட்டான். தன் பாவம் வெளியே வந்தது கர்த்தரின் சித்தம் என்றான். ஜனங்கள் அழுதார்கள். நல்ல சாவு என்று பேசிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். அவிஸ் அழவில்லை. ஹம்ஃப்ரிக்கு அப்படி மன்னிப்புக் கேட்க இரண்டு நிமிஷம்கூடக் கிடைக்கவில்லை. ஆயத்தம் இல்லாமல், பாவத்தைச் சொல்லாமல், மரப்பட்டைத் தண்ணீரைக் குடித்துச் செத்தான். கொன்றவனுக்கு ஒரு பட்டணமே ஜெபம் செய்து வழியனுப்பியது. இந்த நியாயத்தை எந்தப் போதகர் விளக்கினாலும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டாள்.

மெழுகு வில்லைக்கும் தண்டனை இருந்தது. கொலையைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் என்பதால் நீதிபதி பட்டறையைப் பறிக்காமல், சிறைக்கும் அனுப்பாமல், விஷயத்தைப் போதகர் கையில் விட்டார். போதகர் மூன்று ஞாயிற்றுக்கிழமை என்றார். வெள்ளைப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, வெறுங்காலோடு, கையில் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு ஆலய நடுவில் நின்று, விக்கிரகத்தை நம்பினேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். வில்லையை அவள் கண்ணெதிரே மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கினார்.

முதல் இரண்டு வாரமும் போதகர் எழுதிக் கொடுத்ததை அவள் அப்படியே படித்தாள். பெரிய குரலில் படித்தாள். படிக்கும்போது தாளைப் பார்க்காமல் தன்மேல் சாட்சி சொன்ன ஏழு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். இரண்டாம் வாரம் அவர்களில் நாலு பேர் ஆலயத்துக்கு வரவில்லை. வராததற்குப் போதகர் அவர்களுக்கு அபராதம் போட்டார்.

இதற்குள் போதகர் ஒரு சின்னப் புத்தகம் எழுதி லண்டனுக்கு அச்சுக்கு அனுப்பியிருந்தார். கர்த்தர் எப்படி ஒரு கூத்தாடியின் வேஷத்தைக்கூடப் பயன்படுத்தி ரத்தப்பழியை வெளியே கொண்டுவந்தார் என்பது கதை. கத்தியது கத்பர்ட் என்று எழுதியிருந்தார். அவிஸின் பெயரே அதில் இல்லை. ‘பாப்புமார்க்கத்து விதவை ஒருத்தி’ என்று ஒரே ஒரு இடத்தில் வந்தது. அவரே வந்து பெருமையாகப் படித்துக் காட்டினார்.

“நான்தான் கத்தினேன்” என்றாள் அவிஸ்.

“அது ஜனங்களுக்குக் குழப்பமா இருக்கும்மா. குற்றவாளி கத்தறதுதான் படிப்பினை.”

“அப்ப நான் கத்தினப்போ என்னைய எரிக்கக் கிளம்பினது எந்தப் படிப்பினை? அதையும் எழுதுங்க.”

அவர் எழுதவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, போர்வையை மடித்துக் கோயில் பணியாளிடம் கொடுத்துவிட்டு அவிஸ் வெளியே வந்தாள். வெயில் தணிந்திருந்தது. கல்லறைச் சுவரோரம் மார்ஜரி காத்துக்கொண்டிருந்தாள். கையில் துணி மூடிய கிண்ணம்.

“பிளம் பழப் பணியாரம் செஞ்சேன் அவிஸு. உனக்குன்னு எடுத்து வச்சேன். நடந்தது நடந்துபோச்சு. எல்லாரும் கத்தினாங்க, நானும் சேர்ந்துட்டேன். தப்பா நினைச்சுக்காத.”

“நீ சேரல மார்ஜரி. முதல்ல என் துணிய இழுத்தது நீ.”

“அப்ப தெரியலையே. நீதான் கொன்னன்னு நிஜமாவே நம்பினேன்.”

“இப்ப நம்பலயா?”

மார்ஜரி கிண்ணத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினாள். “நம்பல” என்றாள் கடைசியில். ஆனால் அந்தத் தயக்கத்தை அவிஸ் பார்த்துவிட்டாள்.

“என் பட்டறை எங்கேயும் போகாது, நானும் போகமாட்டேன்” என்றாள். “எனக்கு இன்னும் முப்பது வருஷம் ஆயுசு இருக்குன்னு நினைக்கிறேன். தினம் உன் வாசல் வழியாத்தான் தோல் வண்டி போகும். நாத்தம் தாங்கலைன்னா நீ ஜன்னல சாத்திக்கோ.”

பணியாரத்தை வாங்கவில்லை. வெறுங்காலில் குத்திய சின்னக் கல்லைக் குனிந்து எடுத்துப் போட்டுவிட்டு, ஆற்றங்கரைப் பக்கம், பட்டறையைத் திறக்கப் போனாள்.